கூலிங் டவரில் சுத்திகரித்த கழிவுநீர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

சூடேறிய நீரைக் குளிர்விக்கிற கூலிங் டவருக்கு ஆற்று நீர் வந்துகொண்டிருந்த வரை மின் நிலையத்தில் கெமிஸ்ட் என்று ஒருவர் இருப்பதே பல பேருக்கு ஞாபகம் வராது. ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து அதை மேக்கப்பாக (டவரில் குறையும் நீருக்கு ஈடாக) திருப்பிவிட்ட மறுவாரமே எல்லோரும் அவர் நம்பரைத் தேடுவார்கள். 2016 ஜனவரியில் வந்த மத்திய அரசின் மின்கட்டணக் கொள்கை, 50 கி.மீ. தூரத்துக்குள் உள்ளாட்சியின் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அனல் மின் நிலையங்கள் அந்த நீரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதனால் இந்தத் தேடல் இனி கூடத்தான் போகிறது.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் இருக்கிற பாலோ வெர்டே அணுமின் நிலையத்தின் பக்கத்தில் கடலும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. ஃபீனிக்ஸ் நகரத்தின் கழிவுநீர் ஏறத்தாழ 58 கி.மீ. குழாயில் அங்கே போகிறது. ஆண்டுக்குச் சுமார் 7,500 கோடி லிட்டர். 1986-லிருந்து அதை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். நம் பக்கம் நாக்பூர் அருகே கொராடி நிலையம் பாண்டேவாடி சுத்திகரிப்பு நிலையத்து நீரை வாங்குகிறது. ஆனால் பாலோ வெர்டேயில் வருகிற நீரை அப்படியே டவருக்கு விடுவதில்லை. வாசலிலேயே இன்னொரு சுத்திகரிப்பு ஆலை வைத்து, அமோனியாவைக் கிருமிகளுக்குத் தின்னக் கொடுத்து, சுண்ணாம்பு போட்டு பாஸ்பேட்டையும் கடினத்தையும் இறக்கி, வடிகட்டிய பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். அந்த ஆலை இல்லாத இடத்தில் என்னென்ன நடக்கும் என்பதைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி: "சாம்பிள் எத்தனை மணிக்கு எடுத்தது?" ஆற்று நீருக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. இந்த நீர் ஊரோடு எழுந்து ஊரோடு தூங்குகிற நீர். விடியற்காலையில் வரத்து குறையும். ஊர் எழுந்து குளித்துத் துவைத்த பிறகு அளவும் ஏறும், அமோனியாவும் ஏறும். அந்த ஏற்றம் சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து உங்கள் குழாய்க்கு வரும்போது மத்தியானம் ஆகிவிடலாம், சாயங்காலமும் ஆகலாம். தினம் காலை எட்டு மணிக்கு ஒரே சாம்பிள் எடுத்து லாக் புக்கில் எழுதுகிறவருக்கு நீர் எப்போதுமே நன்றாகத்தான் இருக்கும். மூன்று நாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மேக்கப் சாம்பிள் எடுத்து அமோனியாவை மட்டும் பாருங்கள். பாதிக் கோளாறுக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும்.

குளோரின் போடப் போட நிற்கவில்லை

"சார், ராத்திரியெல்லாம் குளோரின் போயிக்கிட்டே இருக்கு. ரிட்டர்ன்ல, திரும்பி வர்ற தண்ணில, பார்த்தா ஒண்ணுமே காட்டல." இந்த போன் எனக்குப் பல முறை வந்திருக்கிறது. கூடவே இதற்கு நேரெதிரான போனும் வரும்: குளோரின் நன்றாகக் காட்டுகிறது, ஆனாலும் பேசின் (டவரின் அடித்தொட்டி) சுவர் கிருமிப் படலம் பிடித்து வழவழவென்று இருக்கிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. குளோரின் முதலில் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடுகிறது. குளோரமினும் கிருமியைக் கொல்லும், ஆனால் மெதுவாக. குளோரின் அளவை நிறத்தால் காட்டும் டி.பி.டி. சோதனையில் ஒன்றாம் மாத்திரை போட்டதும் வரும் இளஞ்சிவப்பு ஃப்ரீ குளோரின், அதாவது அமோனியாவோடு சேராத குளோரின். மூன்றாம் மாத்திரையையும் சேர்த்தால் வருவது மொத்தக் குளோரின். முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. குளோரமின் இருக்கிற நீரில் அந்த நிறம் நிற்க நிற்க ஏறும், இல்லாத ஃப்ரீ குளோரினை இருப்பதாகக் காட்டும். ஒரு நிமிஷத்துக்குள் படித்துவிடுங்கள். ஃப்ரீ பூஜ்யம், மொத்தம் 2 என்று வந்தால் உங்களிடம் இருப்பது வெறும் குளோரமின்.

அப்படியென்றால் குளோரினைக் கூட்டினால் போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனைத் தீர்த்துக்கட்ட ஏட்டுக் கணக்கில் 7.6 பங்கு குளோரின் வேண்டும், நடைமுறையில் 8-லிருந்து 10 பங்கு. மேக்கப்பில் லிட்டருக்கு 20 மி.கி. அமோனியா, மணிக்கு 1,250 கன மீட்டர் மேக்கப் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பங்கு என்றால் லிட்டருக்கு 160 மி.கி., அதாவது மணிக்கு 200 கிலோ குளோரின். 900 கிலோ டன்னர் (குளோரின் உருளை) நாலரை மணி நேரத்தில் காலி. இது நடக்கிற காரியம் இல்லை. இடையில் நின்றுவிட்டால் இன்னும் மோசம்: ஐந்து பங்கு வரை ஏறிய மொத்தக் குளோரின் அதற்கு மேல் போடப் போடக் குறையும். ஆபரேட்டர் வால்வைத் திறக்கத் திறக்க மீட்டர் கீழே போகும். அவரைத் திட்டாதீர்கள், மீட்டரும் சரி, அவரும் சரி.

சரியான வழி, அமோனியாவை டவருக்கு வருவதற்கு முன்பே குறைப்பது. சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றோட்டத்தைக் கூட்டி நைட்ரேட் ஆக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் உங்கள் வாசலில் அதற்கான வடிகட்டி கட்டுங்கள். அதற்கு வருஷங்கள் ஆகும் என்றால் இடைக்காலத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று புரோமின்: புரோமமினும் ஃப்ரீ புரோமின் அளவுக்குக் கிட்டத்தட்ட வேலை செய்யும். இன்னொன்று குளோரின் டை ஆக்ஸைடு: அது அமோனியாவைத் தொடவே தொடாது. க்ளூட்டரால்டிஹைடு விற்க வருகிறவரிடம் மட்டும் கவனம் வேண்டும். அமோனியா இருக்கிற நீரில் அது வீணாகிவிடும்.

சில நாள் அமோனியா இறங்கியிருக்கும், ஆனாலும் குளோரின் நிற்காது. அப்போது நைட்ரைட் பாருங்கள். அமோனியாவை நைட்ரைட்டாக்கும் கிருமி வேலை செய்து, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும் கிருமி படுத்துவிட்டால் இப்படி ஆகும். ஒரு பங்கு நைட்ரைட் நைட்ரஜன் ஐந்து பங்கு குளோரினை விழுங்கும், குளோரின் டை ஆக்ஸைடையும் விடாது.

பி.எச். தானாக இறங்குகிறது, அப்புறம் தானாக ஏறுகிறது

ஆசிட் பம்ப் நின்றுதான் இருக்கிறது. ஆனாலும் பி.எச். 8-லிருந்து 7, 6.5 என்று இறங்குகிறது. முதலில் பி.எச். அளக்கும் புரோபை, பி.எச். தெரிந்த பஃபர் கரைசலில் வைத்துச் சரிபாருங்கள். வழவழப்பு மூடிய புரோப் எதை வேண்டுமானாலும் காட்டும். புரோப் சரி என்றால், உங்கள் டவரே ஒரு சுத்திகரிப்பு நிலையமாக மாறிவிட்டது. சூடு, காற்று, அமோனியா, தங்க இடம் கொடுக்கும் ஃபில் (நீர் பரவி வழியும் தகடுகள்) எல்லாம் இருக்கிறது, கிருமிக்கு வேறென்ன வேண்டும்? ஒரு மி.கி. அமோனியா நைட்ரஜன் நைட்ரேட் ஆகும்போது அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மையில் 7.14 மி.கி. தின்றுவிடும். 20 மி.கி. அமோனியா என்றால் 140-க்கு மேல் போய்விடும்.

உடனே செய்ய வேண்டியது, ஆசிட் டோசிங் வால்வைக் கையால் மூடுவது. ஆட்டோவில் இருக்கிறது, அதுவாக நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். தாமதமாக வரும் சிக்னலை நம்பி ஆசிட் போய்க்கொண்டிருந்த ஒரு ராத்திரிக்கு, ஒரு நிலையத்தில், நானே சாட்சி. காலையில் பேசின் நீர் துரு நிறத்தில் இருந்தது. அடுத்து, காரத்தன்மையை மீட்க சோடா ஆஷ் கைவசம் இருக்கட்டும்.

இனிமேல்தான் வேடிக்கை. பி.எச். விழுகிறதே என்று பயந்து ஒரே அடியாகக் குளோரின் ஷாக் கொடுத்தால் அந்தக் கிருமிகள் செத்துப்போகும். அமோனியா திரும்பத் தலைதூக்கும், பி.எச். 8.5-க்கு மேல் ஏறும், இப்போது கால்சியம் படியும். பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கிருமி மறுபடி வளரும், பி.எச். மறுபடி விழும். லாக் புக்கில் மாதக் கணக்கில் ஊஞ்சல் மாதிரி ஓர் ஆட்டம் தெரிந்தால் இதுதான். தினமும் அளவாகக் கிருமிக்கொல்லி கொடுத்து ஒரே நிலையில் வைப்பதுதான் இதற்கு மருந்து.

வேக்குவம் குறைகிறது

டர்பைனிலிருந்து வரும் நீராவியை டவர் நீரால் குளிர்வித்து நீராக்கும் கலன்தான் கண்டென்சர்; அதற்குள் இருக்கும் வெற்றிடம்தான் வேக்குவம். எல்லோரும் ஓடிவருகிற அறிகுறி இதுதான், மெகாவாட் குறையும் அல்லவா? கெமிஸ்ட் மேல் பழி விழும் முன் மூன்று எண்களைப் பார்த்துவிடுங்கள். கண்டென்சரில் நீர் உள்ளே போகும் வெப்பத்துக்கும் வெளியே வரும் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் நீர் ஓட்டம் குறைந்திருக்கிறது: பம்ப், வால்வு, அடைத்த டியூப் என்று தேடுங்கள். வித்தியாசம் அப்படியே இருந்து, நீராவி வெப்பத்துக்கும் வெளியேறும் நீருக்கும் இடையிலான இடைவெளி கூடியிருந்தால் டியூப் அழுக்காக இருக்கலாம், காற்றும் புகுந்திருக்கலாம். கண்டென்சேட்டில் ஆக்சிஜன் ஏறியிருந்தால் காற்றுதான், அதை மெக்கானிக்கல் ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

அழுக்கு என்று முடிவானால், வழவழப்பா படிவா என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. கிருமிக்கொல்லி ஷாக் கொடுத்துச் சில மணி நேரத்தில் வேக்குவம் கொஞ்சமாவது திரும்பினால் வழவழப்பு. அசையவே இல்லை என்றால் படிவு. அரை மில்லிமீட்டர் வழவழப்பு அதே தடிமன் சுண்ணப் படிவை விட வெப்பத்தை அதிகம் மறிக்கும். கையில் வழித்தால் போகிறது என்பதால் அதை லேசாக நினைக்க வேண்டாம்.

வாட்டர் பாக்ஸ் திறக்க வாய்ப்பு கிடைத்தால் டியூபைச் சுரண்டி ஒரு ஸ்பூன் எடுங்கள். பாதியை உலர்த்தி, எடை போட்டு, 550 டிகிரியில் எரித்துப் பாருங்கள். எடையில் பெரும்பகுதி போய்விட்டால் அது உயிர்க் கசடு. மிச்சப் பாதியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சொட்டுங்கள். புஸ்ஸென்று பொங்கினால் கார்பனேட். சத்தமில்லாமல் கரைந்தால் பாஸ்பேட் என்று சந்தேகியுங்கள். அதில் நைட்ரிக் ஆசிடும் அம்மோனியம் மாலிப்டேட்டும் விட்டுச் சூடுகாட்டினால் கடுகுப்பொடி மாதிரி மஞ்சளாகக் கீழே இறங்கும். ஆற்று நீர்க் காலத்தில் நமக்குப் பழக்கமானது கார்பனேட். இந்த நீரில் அதிகம் மாட்டுவது கால்சியம் பாஸ்பேட்.

கண்டென்சரைத் திறக்காமலும் இதைப் பிடிக்கலாம். மேக்கப்பில் பாஸ்பேட் 4, சுழற்சி (நீர் ஆவியானதில் உப்பு எத்தனை மடங்கு செறிந்தது என்ற எண்) 5 என்றால் சுற்றும் நீரில் 20 இருக்க வேண்டும். 12 தான் இருக்கிறது என்றால் மிச்சம் 8 எங்கேயோ படிந்துகொண்டிருக்கிறது. இந்தக் கணக்குக்குச் சுழற்சியைக் குளோரைடை வைத்து எடுக்காதீர்கள். நீங்களே குளோரின் கொட்டுவதால் குளோரைடு செயற்கையாக ஏறியிருக்கும். மெக்னீசியத்தை வைத்து எடுங்கள்.

கால்சியம் பாஸ்பேட் சூடு ஏற ஏறக் கரைவது குறையும், அதனால் டியூபில் வெப்பமான பக்கத்தில்தான் முதலில் உட்காரும். பி.எச்.-ஐக் கொஞ்சம் இறக்குங்கள், பாஸ்பேட்டைத் தாங்கிப்பிடிக்கும் சல்ஃபோனேட் வகைப் பாலிமரைக் கேட்டு வாங்குங்கள், சுழற்சியைத் தற்காலிகமாகக் குறையுங்கள். குறைத்தால் நீர் எவ்வளவு கூடுதலாகப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 1,000 கன மீட்டர் ஆவியானால், 5 சுழற்சியில் ப்ளோடவுன் (உப்பு மேலும் ஏறாமல் இருக்க வெளியே விடும் நீர்) 250, மூன்று சுழற்சியில் 500. டிரிஃப்ட்டை (காற்றோடு போகும் திவலையை) கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு நிலையத்தில், இரும்பு அரிப்புக்கென்று பழைய ஒப்பந்தப்படி பாஸ்பேட் மருந்தை மாதாமாதம் வாங்கி ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். நீரிலேயே அது இலவசமாக வந்துகொண்டிருந்தது! ஆற்று நீருக்குப் போட்ட கெமிக்கல் ஒப்பந்தத்தை இந்த நீருக்குத் தொடராதீர்கள்.

சுத்திகரிப்பில் படிகாரம் தாராளமாகப் போடுகிற நிலையம் என்றால் அலுமினியமும் பாருங்கள். மிச்ச அலுமினியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து கஞ்சி மாதிரி படியும், பாலிமரையும் செயலிழக்க வைக்கும்.

பேசினில் நுரை

மேக்கப்பை ஒரு பாட்டிலிலும் பேசின் நீரை இன்னொரு பாட்டிலிலும் பாதி நிரப்பி, இரண்டையும் ஒரே மாதிரி குலுக்கி வையுங்கள். மேக்கப்பிலேயே நுரை நின்றால் ஊரின் சோப்பு. பேசின் பாட்டிலில் மட்டும் நின்றால் உங்கள் மருந்தோ எண்ணெய்க் கசிவோ. வெள்ளையாக லேசாக இருந்தால் அவசரம் இல்லை. பழுப்பாக, அடையாக, குச்சியால் தள்ளினாலும் கலையாமல் இருந்தால் சுத்திகரிப்பு நிலையத்தில் இழைக் கிருமி பெருகி அங்கிருந்து வழிந்து வருகிறது. அதற்கு உங்களிடம் மருந்து இல்லை, அங்கே போன் போடுங்கள்.

காற்றில் பறக்கும் நுரை சுவிட்ச்யார்டு பக்கம் போகிறதா என்று மட்டும் உடனே பாருங்கள். இன்சுலேட்டரில் உப்பு படிந்தால் ட்ரிப் ஆகும். சிலிக்கான் நுரைக்கொல்லியை ஊற்றுவதற்கு முன், உங்கள் ப்ளோடவுன் எங்கே போகிறது என்று யோசியுங்கள். ஆர்.ஓ.வுக்குப் போனால் சவ்வு கெட்டுவிடும்.

டவரில் நீர் ஒரு பக்கம் கொட்டுகிறது, இன்னொரு பக்கம் ஒழுகுகிறது

ஃபில் அடைத்துவிட்டது. நெருக்கமான தகடுகள் கொண்ட ஃபிலிம் ஃபில் இந்த நீருக்கு ஆகாது. மாற்றும்போது நேர்குத்தான அகலப் பாதை உள்ள வகையோ ஸ்பிளாஷ் வகையோ வாங்குங்கள். அதுவரை, ஃபிலில் ஒரு துண்டைத் தனியாகக் கயிற்றில் தொங்கவிட்டு மாதம் ஒரு முறை எடுத்து எடை போடுங்கள். எடை ஏறும் வேகம், குளிர்ந்த நீரின் வெப்பம் ஏறுவதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். சேறு ஏறிய ஃபில் தாங்கும் கம்பிகளோடு சரிந்து விழுவதும் உண்டு, அதனால் கீழே ஆள் நிற்க வேண்டாம்.

ஹாட்வெல்லில் கண்டக்டிவிட்டி ஏறுகிறது

ஹாட்வெல் என்பது கண்டென்சரின் அடியில், நீராவி குளிர்ந்து நீராகத் தேங்கும் இடம். அங்கே கண்டக்டிவிட்டி (மின்கடத்தும் திறன்) ஏறினால் டியூப் ஓட்டையாகிவிட்டது, சுற்றும் நீர் கொதிகலன் நீரில் கலக்கிறது. இதை ஷிப்ட் மாறும் வரை தள்ளிப்போடக் கூடாது. உங்கள் டியூப் அட்மிரால்டி பித்தளையா? அமோனியாவும் பித்தளையும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது. இழுவிசை உள்ள இடங்களில் முடிபோல் வெடிப்பு விழும். சுற்றும் நீரில் அமோனியா 2 மி.கி.க்குக் கீழே நிற்கவில்லை என்றால் ஸ்டெயின்லஸ் அல்லது டைட்டானியத்துக்கு மாறத் திட்டம் போடுங்கள்.

ஸ்டெயின்லஸ் போட்டவர்களுக்கு வேறு வினை. யூனிட் நின்றதும் நீரை அப்படியே டியூபில் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தால், படிவின் அடியில் கிருமி உட்கார்ந்து ஊசி முனை ஓட்டை போட்டிருக்கும். நிறுத்தம் சில நாளைத் தாண்டினால் வடித்து, கழுவி, உலர்த்திவிடுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம்

காற்று இல்லாத நீண்ட குழாயில் வரும்போதோ, பேசினில் சேறு தேங்கிய மூலையிலோ கிருமி சல்பேட்டைச் சல்ஃபைடு ஆக்குகிறது. மேக்கப் விழுகிற இடத்தில் நாற்றமா, பேசின் மூலையில் நாற்றமா என்று நடந்து பார்த்தாலே தெரியும். குழாய் என்றால் குழாயிலேயே குளோரினோ ஆக்சிஜனோ ஏற்ற வேண்டும். மூலை என்றால் சேற்றை வார வேண்டும். வால்வுக் குழிக்குள் எட்டிப் பார்க்க யாரையும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு ஏறினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டதே என்று இறங்கியவர் ஏறி வரமாட்டார். முதலில் கேஸ் மீட்டர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

படிவு இல்லை, ஆனால் இரும்பு அரிக்கிறது

உங்களுக்கு வருவது ஆர்.ஓ. செய்த நீராக இருக்கலாம். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்த மாதிரி நீரில் கால்சியமும் காரத்தன்மையும் மிகக் குறைவு. மேலே சொன்ன கோளாறுகள் பெரும்பாலும் வராது, பசித்த நீர் இரும்பைத் தின்னும். இங்கே மட்டும் சுழற்சியை ஏற்றுவதே மருந்து.

தோட்டக்காரருக்கு வயிற்றுப்போக்கு

இதைக் கோளாறுப் பட்டியலில் யாரும் எழுத மாட்டார்கள். மேக்கப் குழாயில் யாரோ வசதிக்காக ஒரு டேப் வைத்திருப்பார்கள். முதலில் செடிக்கு, அப்புறம் கை கழுவ, வெயிலில் ஒரு நாள் குடிக்கவும். குழாய்ப் பாதை முழுக்க நடந்து அப்படிப்பட்ட டேப்களைக் கழற்றுங்கள். அமெரிக்காவில் இந்த நீர்க் குழாய்களுக்கு ஊதா நிறம் அடிப்பார்கள், நீங்களும் ஒரு நிறம் முடிவு செய்து அடித்துவிடுங்கள். டவரின் திவலை காற்றில் போகிறது என்பதால், கலிஃபோர்னியாவில் கூலிங் டவருக்குக் கிருமி நீக்கிய மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு நீர் கட்டாயம்; திவலை தடுப்பும் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கு எதிரான கிருமிக்கொல்லியும் கட்டாயம். டவருக்குள் இறங்கிக் கழுவுகிறவர்களுக்கு என்.95 முகக்கவசம் கொடுத்து, அவர்கள் போட்ட பிறகு ஃபேனை நிறுத்துங்கள்; ஃபேன் நின்ற பிறகு ஏணியைத் திறந்துவிடுங்கள்.